உழைக்கும் உடலுக்கு எந்தப் பயிற்சி? நல்லதண்ணியில் வீட்டு உடற்பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

வீட்டு உடற்பயிற்சி என்பது சொந்த உடலின் எடையையும் வீட்டில் கிடக்கும் பொருள்களையும் மட்டும் கொண்டு, வாரந்தோறும் ஒழுங்காகச் செய்யப்படும் அசைவுகளின் தொகுப்பு. புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பயிற்சியைச் செய்வது என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு முன்னே கேட்க வேண்டியது வேறு: இந்த உடல் நாள் முழுவதும் ஏற்கெனவே என்ன செய்கிறது?

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணி இந்தக் கேள்வியை ஆராய ஏற்ற ஊர். காலையில் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண், கவ்வாத்து வெட்டும் ஆண், யாத்திரைக் காலத்தில் இரவு பகலாகக் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, முழங்கால் வலியோடு இஸ்தோப்பில் இருக்கும் பாட்டி எல்லோரும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். இவர்களில் ஒருவருக்கு நன்மை தரும் பயிற்சிப் பட்டியல் இன்னொருவரின் உடலைக் கெடுக்கக்கூடும்.

எவ்வளவு அசைவு தேவை

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல், வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை நடுத்தர உழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடும் உழைப்பிலோ ஈடுபட வேண்டும் என்கிறது. இதற்கு மேலாக, முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் குறைந்தது 2 நாள்கள் தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி 3 நாள்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள்.

நடுத்தர உழைப்பு எது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அது நடுத்தரம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சை இழுக்க வேண்டி வந்தால் அது கடுமை. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த முயற்சி அளவுகோலும் செய்பவரின் சொந்த உணர்வையே அளவாகக் கொள்கிறது. 0 முதல் 10 வரையான அதன் எளிய வடிவத்தில், தொடங்குபவர் 4க்கும் 6க்கும் இடையில் நின்றால் போதும்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

உடல் உழைப்பு இதயத்துக்கு நல்லது என்பதை நவீன ஆய்வுலகுக்குக் காட்டியது லண்டன் பஸ். ஜெரி மொரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, இரட்டைத்தட்டு பஸ்ஸில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அசைவே காப்பு என்ற முடிவு இதிலிருந்து பரவியது.

அப்படியானால் தோட்டத் தொழிலாளிக்குத் தனியே பயிற்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். பிற்கால ஆய்வுகள் இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்கின்றன. 2018இல் பீட்டர் கூனென் குழுவினர் 17 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் உடலுழைப்புத் தொழில் செய்த ஆண்களுக்கு முன்கூட்டிய மரண வாய்ப்பு 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு ஆயுளைக் கூட்ட, கூலிக்குச் செய்யும் அசைவு ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதில் இன்னும் விவாதம் உண்டு. வறுமை, புகை, உணவு ஆகியவற்றின் பங்கை முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். ஆயினும் சில காரணங்கள் தெளிவானவை. தொழிலில் ஒரே அசைவு மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. வேகத்தை உடல் தீர்மானிப்பதில்லை, நிறுவை தீர்மானிக்கிறது. களைத்தபோது நிறுத்த முடிவதில்லை. போதிய ஓய்வு கிடைப்பதற்குள் அடுத்த நாள் விடிந்துவிடுகிறது.

கொழுந்து எடுப்பதை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இடுப்பைச் சற்று முன்னே வளைத்து, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னே நீட்டி, விரல்களால் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் முதுகுப் பக்கம் எறிய வேண்டும். கூடையின் கயிறு தலையில் இருந்தால் சேரும் கொழுந்தின் பாரம் முழுவதையும் கழுத்து தாங்குகிறது. கால்களும் விரல்களும் மூச்சும் இதில் நன்றாகவே உழைக்கின்றன. தோள்பட்டையைப் பின்னே இழுக்கும் தசை, முதுகை நிமிர்த்தும் தசை, தாடையை உள்ளே இழுத்துக் கழுத்தை நேராக்கும் சிறு தசைகள் ஆகியவை முழு வீச்சில் ஒருமுறைகூட அசைவதில்லை. பயிற்சியின் பொருள் இங்கேதான் இருக்கிறது. நாளில் விடுபட்டுப் போன அசைவை அது ஈடுசெய்ய வேண்டும்.

கருவியில்லாப் பயிற்சியின் மரபு

வீட்டுக்குள் சிறு இடத்தில் செய்யும் பயிற்சி புதியதல்ல. தண்டாலும் பஸ்கியும் தமிழகத்துப் பயில்வான்களின் அன்றாடப் பழக்கம். சூரிய நமஸ்காரத்தை எல்லோரும் செய்யத்தக்க தேகப்பயிற்சியாக 1920களில் பரப்பியவர் மராட்டிய நாட்டு ஔந்த் சமஸ்தான அரசர் பவான்ராவ். ஜப்பானில் 1928இல் தொடங்கிய வானொலிப் பயிற்சி இன்றும் ஒலிபரப்பாகிறது. 1950களின் பிற்பகுதியில் கனடிய விமானப்படைக்காக பில் ஓர்பன் வகுத்த திட்டத்தில் 5 அசைவுகளே இருந்தன. நாளுக்கு 11 நிமிடங்களில் அது முடிந்துவிடும். 2013இல் அமெரிக்காவில் வெளியாகிப் புகழ்பெற்ற 7 நிமிடப் பயிற்சி 12 அசைவுகளைத் தலா 30 விநாடிகள் செய்யச் சொல்கிறது. ஆனால் அது ஏறக்குறைய முழு மூச்சில் செய்ய வேண்டிய முறை. தொடங்குபவருக்கு முதல் மாதத்தில் ஏற்றதல்ல.

வலுவைக் கூட்டுவதற்கான அடிப்படை விதி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவானது. காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த தோமஸ் டிலோர்ம், பளுவைப் படிப்படியாகக் கூட்டினால் மெலிந்த தசை மீள்கிறது என்று 1945இல் எழுதினார். பளு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தசை களைக்கும் அளவுக்குச் செய்தால் குறைந்த பளுவிலும் அது ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது எனப் பின்னைய ஆய்வுகள் காட்டியுள்ளன. இரும்பு எதுவும் இல்லாத வீட்டிலும் பயிற்சி பலன் தரும் என்ற நம்பிக்கைக்கு இதுவே ஆதாரம்.

இடமும் காலநிலையும்

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஆங்கிலேயர் காலத்து லயத்தில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. அதற்குள்ளேயே கட்டிலும் அலுமாரியும் இருக்கும். மிஞ்சுவது ஒரு பாயை விரிக்கும் இடம். அடுத்த வீட்டுக்கும் இதற்கும் ஒரே சுவர். குதிக்கும் பயிற்சிகள் அங்கே தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும். ஆகவே ஓசையில்லாமல் நின்ற இடத்திலேயே செய்யும் அசைவுகளே லயத்துக்கு ஏற்றவை. விறகடுப்பு எரியும் நேரத்தில் உள்ளே மூச்சு வாங்கப் பயிற்சி செய்வது புகையை ஆழமாக உள்ளிழுப்பதற்குச் சமம். அந்த வேளையில் இஸ்தோப்பே நல்லது. 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனி வீடுகளில் இந்த இடர்கள் குறைவு.

வெளியே நடப்பதற்கும் வரம்புகள் உண்டு. தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலிருந்து வலுக்கும்போது பாதைகள் வழுக்கும், அட்டை ஏறும். விடியுமுன்னும் இருட்டிய பின்னும் சிறுத்தை நடமாட்டம் பற்றிய அச்சம் இந்தப் பகுதியில் நியாயமானது. குளிரில் தசைகள் இறுகியிருப்பதால், 3 நிமிடம் போதும் என்று சொல்லப்படும் ஆயத்த அசைவை இங்கே 5 அல்லது 6 நிமிடமாக்க வேண்டும். சீமெந்துத் தரையின் ஈரம் முதுகில் ஏறாமல் இருக்கப் பாயின் கீழே ஒரு சாக்கை விரிப்பது வழக்கம்.

அடிப்படை அசைவுகள் ஐந்து

எந்தத் திட்டமானாலும், தொடங்குபவருக்கு ஐந்து அசைவுகள் போதும்.

முதலாவது, குந்தி எழுதல். பின்னால் ஒரு பெஞ்சையோ கதிரையையோ வைத்து, அதில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது. இறங்கும்போது மூன்று வரை எண்ணினால் முழங்கால் தடுமாறாது.

இரண்டாவது, இடுப்பில் மடிந்து நிமிர்தல். இதைக் கற்க ஒரு விளக்குமாற்றுத் தடி உதவும். தடியை முதுகோடு செங்குத்தாகப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்பெலும்பின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் அது தொடும்படி நிற்க வேண்டும். பின்பு முழங்காலைச் சிறிது தளர்த்தி, இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓரிடத்திலாவது தடி விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். இது கைவந்த பிறகு 5 லீற்றர் தண்ணீர்க் கேனைப் பிடித்துச் செய்யலாம். கேன் நிறைந்தால் 5 கிலோ. கொழுந்துச் சாக்கையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கும் முறையே இது என்பதால், பயிற்சியில் கற்றது நேரே வேலைக்கு உதவும்.

மூன்றாவது, தள்ளல். சுவரில் கையூன்றித் தொடங்கி, பிறகு இஸ்தோப்புத் திண்ணையில், கடைசியில் தரையில் என்று இறங்கி வந்தால், தரைத் தண்டால் எடுக்க முடியாதவர் எவரும் மனந்தளர வேண்டியதில்லை.

நான்காவது, இழுத்தல். வீட்டுப் பயிற்சியில் பெரும்பாலோர் விட்டுவிடும் அசைவு இதுதான். ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையால் தண்ணீர்க் கேனை இடுப்புப் பக்கம் இழுத்து மெல்ல இறக்கினால் தோள்பட்டைகளுக்கு நடுவிலுள்ள தசைகள் வேலை செய்யும்.

ஐந்தாவது, நடுவுடலைத் தாங்கல். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்திப் பிடிப்பதும், முழங்கையை ஊன்றிக் குப்புற உடலைப் பலகைபோல் நேராக நிறுத்துவதும் இதன் இரு வடிவங்கள். 10 விநாடியில் தொடங்கலாம்.

ஆயத்தம், ஒவ்வோர் அசைவும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, இறுதியில் மூச்சைத் தணித்தல் என்று சேர்த்தால் 20 முதல் 25 நிமிடங்களில் முடியும். ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரத்துக்கு 3 நாள்கள் போதுமானவை.

யாருக்கு எது

கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இந்த ஐந்தும் ஒரே அளவில் தேவையில்லை. நடையும் ஏற்றமும் அவருக்கு ஏற்கெனவே வேண்டியமட்டும் கிடைக்கின்றன. வீடு திரும்பினால் சமையலும் துணியும் தண்ணீரும் காத்திருக்கின்றன. அவருக்கு இழுத்தல், இடுப்பு உயர்த்துதல், தடி வைத்து மடிதல், தாடையை உள்ளிழுத்துக் கழுத்தை நேராக்குதல், மணிக்கட்டை விரித்து நீட்டுதல் ஆகியவை 10 நிமிட அளவில் வாரம் மூன்று முறை போதும். பாரம் சுமந்து கழுத்து வலித்த நாளில் பயிற்சியை விட்டு, சுவரில் காலைச் சாய்த்து வைத்துப் படுத்திருப்பதே சரியான மருந்து. இப்படிப்பட்டவரிடம் இன்னும் உழைக்க வேண்டும் என்று சொல்லும் எந்தத் திட்டமும் அவரது உடலை அறியாத திட்டம். வீட்டு வேலையில் மற்றவர்கள் பங்கெடுத்து அவருக்கு அந்த 10 நிமிடத்தை விட்டுக்கொடுப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

கவ்வாத்து வெட்டுபவருக்கும் முள்ளுக் குத்துபவருக்கும் ஒரு பக்கத் தோளும் கீழ்முதுகும் அதிகம் உழைக்கின்றன. மறுபக்கத்துக்குக் கூடுதல் சுற்றுத் தருவதும், மார்புத் தசையை நீட்டுவதும் அவர்களுக்கு முக்கியம்.

கடைக்காரர், ஓட்டோ சாரதி, அலுவலகத்தில் இருப்பவர் ஆகியோருக்கு நிலைமை தலைகீழ். வாரத்துக்கு 150 நிமிட நடையே அவர்களின் முதல் தேவை. அதை 15 நிமிடத் துண்டுகளாகவும் பிரிக்கலாம். அவர்களுக்கு ஐந்து அசைவுகளும் முழு அளவில் வேண்டும். இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்தால், முதுகைச் சுவரில் சாய்த்து அரைகுந்தில் அசையாமல் நிற்கும் பயிற்சி பயன்தரும். 270 சோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வில், ஓய்வுநிலை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இவ்வகை அசையாப் பயிற்சியே முன்னணியில் இருந்தது. மூச்சை அடக்காமல் செய்வது கட்டாயம். வைத்தியர் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது.

பள்ளி, கல்லூரி வயதினருக்கு ஆர்வம் அதிகம், பொறுமை குறைவு. கைத்தசையையும் மார்பையும் மட்டும் பெருக்க நினைத்துக் காலையும் முதுகையும் விட்டுவிடுவது அவர்களிடம் வழக்கமான பிழை. யூடியூப் காணொளியில் பல ஆண்டு பழகியவர் செய்வதை முதல் நாளே பின்பற்றுவது இன்னொன்று.

முதியவர்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. பொஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையான 10 பேர் 8 வாரங்கள் கால்வலுப் பயிற்சி செய்தபோது, அவர்களின் வலு சராசரியாக 174 வீதம் கூடியதாக மரியா பியட்டரோன் குழுவினர் 1990இல் பதிவு செய்தார்கள். கதிரையிலிருந்து எழுதல், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகிய மூன்றும் முழங்கால் வலியுள்ளவருக்கும் பொருந்தும். தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் வலி குறைகிறது.

கர்ப்பிணிப் பெண்கள், தடையில்லை என்று வைத்தியரோ குடும்பநல மருத்துவமாதுவோ சொன்னால், வாரம் 150 நிமிடம் நடுத்தர அசைவில் இருக்கலாம். முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது.

மலையேற ஆயத்தமாகுதல்

யாத்திரைக் காலம் டிசம்பரின் உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. மலை உச்சி 2,243 மீற்றர் உயரம். நல்லதண்ணிப் பாதையில் ஏறத்தாழ 5,500 படிகள் என்று சொல்லப்படுகிறது. சீத கங்குல ஓடை வரை ஏற்றம் ஓரளவு மென்மையானது. அதன் பிறகு செங்குத்தாகி, கடைசிப் பகுதியில் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றியே ஏற வேண்டியிருக்கும்.

ஏறும்போது மூச்சு வாங்குவதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். மறுநாள் நடக்க முடியாமல் செய்வது இறக்கம். படியிறங்கும் ஒவ்வொரு முறையும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இப்படி நீளும்போது உழைக்கும் தசையில் நுண்ணிய சேதம் அதிகம். வலி உடனே தெரியாமல், 24 முதல் 72 மணிநேரத்துக்குள் உச்சம் பெறும். நல்ல செய்தி என்னவென்றால், அதே வகை அசைவைச் சிறிதளவு முன்கூட்டிச் செய்த தசை அடுத்த முறை மிகக் குறைவாகவே சேதமடைகிறது. அந்தக் காப்பு வாரக்கணக்கில் நிலைக்கும்.

ஆகவே மலையேற எண்ணுபவர் 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே வாசற்படியில் இறங்கப் பழக வேண்டும். படியின் மேல் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெல்ல இறக்கி, மீண்டும் எழுவது. முழங்கால் உட்பக்கம் மடியாமல் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு காலிலும் 6 தடவை, பிறகு 10, பிறகு இரண்டு சுற்று, பிறகு முதுகில் பாடசாலைப் பையுடன் என்று கூட்டலாம். கடைசி வாரத்தில் பயிற்சியைக் குறைத்துத் தசைக்கு ஓய்வு கொடுப்பது அவசியம்.

கூட்டும் முறை

முதல் இரு வாரங்கள் அசைவைச் சரியாகக் கற்பதற்கு. இன்னும் செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். 12 தடவைகளை நல்ல வடிவில் அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாள்களில் செய்ய முடிந்தால் மட்டும் ஒரு படி மேலே போகலாம். ஒரே நேரத்தில் எண்ணிக்கை, பளு, சுற்று ஆகியவற்றில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். தசை வலி இரண்டு மூன்று நாளில் தணியும். மூட்டுக்குள் குத்தும் வலியோ, வீக்கமோ, காலில் மின்னல்போல் இறங்கும் வலியோ வந்தால் அந்த அசைவை நிறுத்த வேண்டும்.

நோய்ப்பட்டோ வேலை மிகுந்தோ இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடராமல் பாதி அளவில் மீண்டும் தொடங்குவதே பாதுகாப்பு. பழக்கம் பதிய எவ்வளவு நாளாகும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்தார்கள். சராசரி 66 நாள்கள் என்று கண்டார்கள். ஆளுக்காள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே நிலைத்த ஒரு செயலோடு பயிற்சியைச் சேர்ப்பது கைகொடுக்கும். பின்னேரம் முகம் கழுவியவுடன், தேத்தண்ணி குடிக்குமுன் என்று வைத்துக்கொண்டால் நினைவூட்டல் தேவைப்படாது.

உணவும் வைத்தியப் பரிசோதனையும்

பயிற்சி கேட்கும் விலையை உணவு கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் சுமார் 17 வீதமாகவும் தோட்டப் பகுதிகளில் சுமார் 32 வீதமாகவும் இருந்தனர். தோட்டத்துப் போசாக்குக் குறை இளமையிலேயே தொடங்குகிறது என்பதற்கு இது சாட்சி. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் பசியைத் தணிக்கும். தசையைக் கட்டப் பருப்பு, பயறு, கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு, சோயா ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் சேர வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி, தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. ஒரு மணிநேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல், தலைசுற்றல், ஓயாத களைப்பு ஆகியவை சோம்பலல்ல. இரத்தசோகையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்து சிகிச்சை பெற வேண்டும். பயிற்சி அதன் பின்னரே. 35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்த அழுத்தம், சீனி, உடல் எடை ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். மஸ்கெலியா வைத்தியசாலையும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் இந்தப் பகுதியினருக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. இதயநோய், நீரிழிவு, முன்பு ஏற்பட்ட முதுகு முறிவு ஆகியவை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, மயக்கமோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தேர்வுக்கான அளவுகோல்

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், ஒரு திட்டம் பொருத்தமானதா என்பதை நான்கு கேள்விகளால் சோதிக்கலாம். செய்பவரின் நாளில் இல்லாத அசைவை அது தருகிறதா? அவரது காம்பராவிலும் அவருக்குக் கிடைக்கும் நேரத்திலும் அடங்குகிறதா? தொடங்கும் படி போதுமான அளவு எளிதாகவும், அடுத்த படி எதுவென்று தெளிவாகவும் இருக்கிறதா? ஓய்வும் உணவும் அதற்கு ஈடுகொடுக்கின்றனவா? நான்குக்கும் ஆம் என்று விடை வந்தால், திட்டம் எவ்வளவு சிறியதானாலும் அது சரியான திட்டம். ஒன்றுக்கு இல்லை என்று வந்தால் அந்த இடத்தைத் திருத்திய பிறகே தொடங்க வேண்டும். உழைத்தே வாழும் மக்களிடையே நல்ல பயிற்சிக்கு அடையாளம், அடுத்த நாள் வேலையை அது இலேசாக்குவதுதான். அது பாரமாக்கினால் மாற்ற வேண்டியது திட்டத்தைத்தான்.